பழைய சிடி ரைட்டர் டிஸ்க் எழுத மறுக்கிறதா? எதை முதலில் சோதிப்பது, எதைக் கடைசிக்கு வைப்பது: முழுமையான வழிகாட்டி

பழைய சிடி ரைட்டர் பாதியில் பிழை காட்டி டிஸ்க்கை வெளியே தள்ளினால், புதிதாக இறங்குபவர்கள் நேரே போவது இரண்டு இடத்துக்குத்தான்: ஒன்று டிரைவைத் திறந்து லென்ஸைத் துடைப்பது, இன்னொன்று எங்கிருந்தோ ஒரு ஃபர்ம்வேரை (டிரைவுக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளை) இறக்கி ஏற்றுவது. இரண்டும் கடைசியில் வரவேண்டிய வேலை, ஏனென்றால் இந்த வழிகாட்டியில் உள்ளவற்றில் தப்பாகச் செய்தால் டிரைவையே கொன்றுவிடக்கூடியவை அவை மட்டும்தான்.

எழுதுவதில் வரும் கோளாறு பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். கம்ப்யூட்டரிலிருந்து டேட்டா டிரைவுக்குச் சீராக வந்து சேரவில்லை, அல்லது வந்து சேர்ந்ததை லேசரால் டிஸ்க்கில் பதிக்க முடியவில்லை. எந்த வகை என்று தெரியாமல் கைவைத்தால் டிஸ்க்குகள்தான் ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போகும். கீழே உள்ள வரிசை அந்த இரண்டையும் முதலில் பிரித்துப் பார்ப்பதற்காகவே இப்படி அமைந்திருக்கிறது, அதனால் நடுவில் தாவ வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். டிஸ்க், வேகம், கேபிள், மென்பொருள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றி ஒருவழியாக எழுதிவிட்டால், எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த தடவை மறுபடியும் அ, ஆவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு வேறு வேறு தயாரிப்பாளர்களின் காலி சிடி-ஆர் (ஒருமுறை மட்டும் எழுதக்கூடியது), ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு. ஒரு சிடி-ஆர்டபிள்யூ (அழித்துவிட்டு மறுபடி எழுதக்கூடியது). அப்புறம், தொழிற்சாலையில் அச்சிட்டு விற்கப்பட்ட பாட்டு சிடியோ மென்பொருள் சிடியோ ஒன்று. இந்தக் கடைசிப் பொருளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

முதல் சோதனையே அதை வைத்துத்தான். அச்சிட்ட சிடியைப் போட்டு, அதிலுள்ள எல்லா ஃபைல்களையும் ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்துப் பாருங்கள். பாட்டு சிடி என்றால் ஒரு ரிப்பிங் மென்பொருளை வைத்து எல்லாப் பாட்டையும் இழுத்துப் பாருங்கள். அச்சிட்ட டிஸ்க் நன்றாகப் பிரதிபலிக்கும், படிப்பதற்கு மிகச் சுலபமானது. அதையே தடுமாறிப் படிக்கும் டிரைவிடம் எழுதச் சொல்வதில் அர்த்தமில்லை. அப்படியானால் 6ஆம் பகுதியைப் பாருங்கள், அதிலும் தீராவிட்டால் 10க்குப் போங்கள்.

மென்பொருளில், விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் எழுதும் வசதியை நம்பிப் பிழை தேடாதீர்கள். என்ன பிழை, எந்த இடத்தில் என்று அது உருப்படியாகச் சொல்வதில்லை. விண்டோஸில் இம்க்பர்ன், லினக்ஸில் கே3பி மாதிரி, நடந்ததையெல்லாம் வரிவரியாகப் பதிவு செய்யும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம்.

ஒரு தாளும் பேனாவும் வேண்டும். எந்த டிஸ்க், எந்த வேகம், எத்தனை சதவீதத்தில் நின்றது என்று குறித்து வையுங்கள். நினைவில் இருக்கும் என்று நினைப்பீர்கள், நாலாவது டிஸ்க்கில் குழம்பிவிடும்.

2. டிரைவும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா

பழுது என்று வரும் புகார்களில் கணிசமானவை பழுதே இல்லை, பொருந்தாத டிஸ்க். டிரேயின் முகப்பில் உள்ள சின்னத்தைப் படியுங்கள். சிடி-ஆர்டபிள்யூ என்று மட்டும் இருந்தால் அந்த டிரைவால் டிவிடியைப் படிக்கக்கூட முடியாது, எழுதுவது எங்கே. சிடி லேசர் 780 நானோமீட்டர் அலைநீளம், டிவிடிக்கு 650 வேண்டும். காம்போ டிரைவ் என்று ஒரு வகை உண்டு, அது டிவிடியைப் படிக்கும், ஆனால் சிடியை மட்டும்தான் எழுதும். டிவிடி சின்னத்தைப் பார்த்துவிட்டு டிவிடி-ஆர் போட்டு மல்லுக்கட்டுபவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

அடுத்த சிக்கல் சிடி-ஆர்டபிள்யூ. எல்லாம் ஒரே டிஸ்க் போலத் தெரிந்தாலும் வேக வகைகள் வேறு. முதலில் வந்தவை 1 முதல் 4எக்ஸ் வரை (எக்ஸ் என்பது சிடியின் அடிப்படை வேகத்தைப் போல எத்தனை மடங்கு என்பது). அடுத்து ஹைஸ்பீடு என்று சின்னம் போட்டவை, 4எக்ஸிலிருந்து மேலே. அதற்கும் பிறகு அல்ட்ரா ஸ்பீடு, 24எக்ஸ் வரை. முதல் வகைக்காக மட்டும் செய்யப்பட்ட டிரைவ் ஹைஸ்பீடு டிஸ்க்கைப் படிக்கும், ஆனால் எழுதாது. வேகத்தைக் குறைத்தாலும் எழுதாது, ஏனென்றால் அந்த டிஸ்க்குக்கு மெதுவாக எழுதும் முறையே வகுக்கப்படவில்லை. டிஸ்க் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், புதிய டிரைவில் அது ஒழுங்காகவே வேலை செய்யும்.

சிடி-ஆரில் 74 நிமிடம் (650 எம்பி), 80 நிமிடம் (700 எம்பி) இரண்டும் சரி. 90, 99 நிமிட டிஸ்க்குகள் தரநிலைக்கு வெளியே உள்ளவை, பழைய டிரைவில் போடவே வேண்டாம். ஏற்கெனவே ஏதோ எழுதி மூடிய டிஸ்க்கைக் காலி என்று நினைத்துப் போடுவதும் நடக்கிறது. அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், எழுதிய பகுதி உள்வட்டத்திலிருந்து நிறம் சற்று மாறி ஒரு வளையமாகத் தெரியும்.

3. எங்கே நின்றது, என்ன எண் காட்டியது

"எரர் வருகிறது" என்பது தகவலே இல்லை. இரண்டு விஷயம் வேண்டும்: எத்தனை சதவீதத்தில் நின்றது, பிழை எண் என்ன.

ஆரம்பத்திலேயே, 0 சதவீதத்தில் நின்றால் பெரும்பாலும் பவர் காலிபரேஷன் பிரச்சினை. எழுதத் தொடங்கும் முன் டிரைவ், டிஸ்க்கின் உள்விளிம்பில் அதற்கென்றே ஒதுக்கிய இடத்தில் பல அளவு லேசர் சக்தியில் கொஞ்சம் எழுதி, உடனே படித்துப் பார்த்து, எந்தச் சக்தி சரிப்படுகிறது என்று முடிவு செய்கிறது. எதுவுமே சரிப்படாவிட்டால் அங்கேயே கைவிரித்துவிடும். காரணம் டிஸ்க்கின் சாயம் (லேசர் பதிவு செய்யும் பூச்சு) ஒத்துப்போகாததாக இருக்கலாம், லென்ஸ் அழுக்காக இருக்கலாம், லேசர் தளர்ந்திருக்கலாம். நல்ல செய்தி, டேட்டா வரும் பாதை இதில் குற்றவாளி இல்லை.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் சந்தேகம் டேட்டா பாதை, கேபிள், மின்சாரம் பக்கம் திரும்ப வேண்டும். எப்போதும் 80, 90 சதவீதம் தாண்டும்போதே நின்றால் டிஸ்க்கின் வெளிவிளிம்பைப் பாருங்கள். சாயம் சீராகப் படியாத மலிவு டிஸ்க்குகள் அங்கேதான் காலை வாரும். கைரேகையும் அங்கேதான் இருக்கும். வேறு டிஸ்க்கிலும் அதே இடம் என்றால், லேசர் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் இறுகியிருக்கலாம்.

100 சதவீதம் காட்டிவிட்டு அசையாமல் நிற்பது பல சமயம் பிழையே அல்ல. டேட்டா முடிந்த பிறகு டிரைவ் முன்பகுதியையும் முடிவுப் பகுதியையும் எழுதி டிஸ்க்கை மூட வேண்டும். முதல் செஷனுக்கு (ஒரு தடவையில் எழுதி மூடும் பகுதிக்கு) இது இரண்டும் சேர்ந்து சுமார் இரண்டரை நிமிடப் பதிவுக்குச் சமம், 1எக்ஸில் எழுதினால் அவ்வளவு நேரமும் பிடிக்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து ரீசெட் பட்டனை அமுக்கி, நன்றாக எழுதி முடியவிருந்த டிஸ்க்கைப் பாழாக்குபவர்கள் அதிகம். பத்து நிமிடமாவது பொறுங்கள்.

இனி எண்கள். பதிவில் சென்ஸ் கீ என்று ஓர் எண் இருக்கும். 2 என்றால் டிரைவ் இன்னும் தயாராகவில்லை அல்லது டிஸ்க் இல்லை. 3 என்றால் மீடியா, அதாவது டிஸ்க் சார்ந்தது. 4 என்றால் வன்பொருள். 5 என்றால் டிரைவுக்குப் புரியாத அல்லது அது செய்ய முடியாத கட்டளை, பெரும்பாலும் மென்பொருளில் தப்பான தேர்வு. அதனுடன் 73, 03 என்று வந்தால் மேலே சொன்ன காலிபரேஷன் தோல்வி. 72, 00 என்றால் செஷனை மூட முடியவில்லை. இதைப் பார்த்தாலே எந்தப் பகுதிக்குப் போவது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

4. லேசரை எரிக்காமல் ஓர் ஒத்திகை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். எழுதும் மென்பொருளில் டெஸ்ட் மோட் அல்லது சிமுலேட் என்று ஒரு தேர்வு இருக்கும். காலி சிடி-ஆரைப் போட்டு அதைத் தேர்ந்தெடுத்தால், டிரைவ் நிஜமாக எழுதுவது போலவே எல்லாவற்றையும் செய்யும், லேசரின் எழுதும் சக்தியை மட்டும் கூட்டாது. டிஸ்க் காலியாகவே இருக்கும், எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஒத்திகை பாதியில் தோற்றால் டேட்டா வரும் பாதைதான் பிரச்சினை. 5, 6ஆம் பகுதிகளைப் பாருங்கள். ஒத்திகை முழுதாகத் தேறி, அதே வேகத்தில் நிஜமாக எழுதும்போது மட்டும் தோற்றால் டிஸ்க் அல்லது லேசர், நேரே 7க்குப் போங்கள். ஒரு டிஸ்க்கும் செலவில்லாமல் பிரச்சினை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. ஒத்திகையை 4எக்ஸில் பார்த்துவிட்டு நிஜத்தை 16எக்ஸில் எழுதுகிறார்கள். வேகம் ஒன்றாக இருந்தால்தான் முடிவை நம்ப முடியும்.

5. ஒத்திகையே தோற்றால்: டேட்டா வரும் பாதை

சிடியின் 1எக்ஸ் வேகம் நொடிக்கு 150 கேபி. 8எக்ஸ் என்றால் 1.2 எம்பி. டிரைவுக்குள் இருக்கும் பஃபர் ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி, மேலே கம்ப்யூட்டர் நிரப்ப, கீழே லேசர் இழுத்துக்கொண்டே இருக்கும். 2 எம்பி பஃபர் உள்ள டிரைவில் 8எக்ஸில் எழுதும்போது, கம்ப்யூட்டர் ஒன்றரை நொடிக்கு மேல் தடுமாறினால் தொட்டி காலி. 2000 வாக்கிலிருந்து வந்த டிரைவுகளில், பஃபர் காலியானால் லேசரை நிறுத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும் பாதுகாப்பு உண்டு. பர்ன்-ப்ரூஃப், ஜஸ்ட்லிங்க் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். அதற்கு முந்தைய டிரைவில் பஃபர் ஒருமுறை காலியானால் டிஸ்க் போச்சு, அவ்வளவுதான். உங்கள் டிரைவில் அந்த வசதி இருக்கிறதா என்று மென்பொருளின் டிரைவ் விவரங்களில் பாருங்கள், இருந்தால் அது இயங்கும் நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதலில் எளிதானதைச் செய்யுங்கள். எழுத வேண்டியதை நெட்வொர்க் ஃபோல்டரிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நேரடியாக எழுதாமல் ஹார்ட் டிஸ்க்குக்குக் கொண்டுவாருங்கள். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் என்றால் முதலில் ஒரு ஐஎஸ்ஓ இமேஜாக உருவாக்கி, பிறகு அந்த ஒரே ஃபைலை எழுதுங்கள். சின்ன ஃபைல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்கும்போதுதான் ஹார்ட் டிஸ்க் திணறும். எழுதும் நேரத்தில் வைரஸ் ஸ்கேனையும் ஸ்கிரீன் சேவரையும் நிறுத்தி வையுங்கள்.

அடுத்தது டிஎம்ஏ, அதாவது பிராசஸர் தூக்கிக் கொடுக்காமலே டேட்டா டிரைவுக்குப் போய்வரும் முறை. பழைய கம்ப்யூட்டரில் இது நின்றுபோவதுதான் கண்ணுக்குத் தெரியாத வில்லன். விண்டோஸ் எக்ஸ்பி, ஒரு ஐடிஇ சாதனத்திடமிருந்து (பழைய பட்டைக் கேபிளில் இணையும் ஹார்ட் டிஸ்க், சிடி டிரைவ் போன்றவை) திரும்பத் திரும்பப் பிழை வந்தால் அதன் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் பிஐஓ முறையில் நிறுத்திவிடும். ஆறு பிழைகள் சேர்ந்தாலே இந்த இறக்கம் தொடங்கிவிடும். அதில் கீறல் விழுந்த ஒரு சிடியைப் படிக்க முயன்றதும் சேரலாம். பிறகு கீறல் சிடியை எடுத்துவிட்டாலும் வேகம் தானாகத் திரும்பாது. பிஐஓவில் ஒவ்வொரு துளி டேட்டாவையும் பிராசஸரே தூக்கிக் கொடுக்க வேண்டும், அதனால் எழுதும்போது மவுஸ்கூட இழுத்து இழுத்து நகரும். அந்த இழுப்பைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர் பகுதிக்குப் போய், ரைட்டர் இணைந்துள்ள சேனலைத் திறந்து, அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் தற்போதைய முறை என்ன என்று பாருங்கள். பிஐஓ என்று இருந்தால் அந்தச் சேனலையே அன்இன்ஸ்டால் செய்து கம்ப்யூட்டரை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் வைக்கும். பட்டியலில் டிஎம்ஏ என்று தேர்வை மட்டும் மாற்றிவிட்டு வருவது பல சமயம் பலிப்பதில்லை. சில நாளில் மறுபடியும் பிஐஓவுக்கு இறங்கினால் கேபிள் மேல் சந்தேகப்படுங்கள்.

6. கேபிள், ஜம்பர், மின்சாரம்

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறவுங்கள். ஐடிஇ கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மறுபடி அழுத்திச் செருகினாலே தீரும் கோளாறுகள் உண்டு. மடிந்து மடிந்து ஓரம் நைந்த கேபிள் என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள், இந்தப் பட்டியலிலேயே மலிவான பாகம் அதுதான்.

ஹார்ட் டிஸ்க்கும் ரைட்டரும் ஒரே கேபிளில் இருந்தால் பிரித்து வையுங்கள். ஒரு ஐடிஇ கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு சாதனம்தான் பேச முடியும், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்து அதே கேபிளில் ரைட்டருக்குக் கொடுப்பது பஃபரைப் பட்டினி போடும். ரைட்டர் இரண்டாவது சேனலில் தனியாக, ஜம்பர் (டிரைவின் பின்பக்க ஊசிகளில் செருகும் சின்னத் துண்டு) மாஸ்டரில், அதாவது கேபிளின் முதல் சாதனம் என்ற நிலையில், இருப்பது நல்லது. ஒரே கேபிளில் இரண்டுமே மாஸ்டர் என்று ஜம்பர் வைத்தால் ஒன்று காணாமல் போகும், அல்லது அவ்வப்போது தோன்றி மறையும், அது இன்னும் மோசம்.

படிக்கும்போது ஒழுங்காக இருந்து, எழுதத் தொடங்கியதும் டிரைவ் ஒருமுறை கிளிக் என்று நின்று மறுபடி சுழலத் தொடங்குகிறதா? மின்சாரம் போதவில்லை. எழுதும்போது லேசருக்குப் படிப்பதைவிடப் பல மடங்கு சக்தி வேண்டும். வேறு பவர் இணைப்பில் மாற்றிப் பாருங்கள், பிரிப்பான் வயர் வழியாக வந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். பழைய பவர் சப்ளையில் கப்பாசிட்டர் உப்பியிருப்பதும் சகஜம், ஆனால் பவர் சப்ளைப் பெட்டியை நீங்களே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தேங்கி நிற்கும்.

யூஎஸ்பி வழியாக இணைக்கும் ரைட்டர் என்றால் ஹப் வேண்டாம், நேராகக் கம்ப்யூட்டரில். யூஎஸ்பி 1.1 போர்ட்டில் 4எக்ஸுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். தனி அடாப்டர் இல்லாத மெல்லிய டிரைவுக்கு இரண்டு தலை யூஎஸ்பி வயர் கொடுத்திருந்தால் இரண்டையும் செருக வேண்டும். இரண்டாவது தலை அலங்காரத்துக்கு இல்லை.

7. ஒத்திகை தேறி நிஜத்தில் தோற்றால்: டிஸ்க்கும் வேகமும்

ஒவ்வொரு காலி சிடி-ஆரிலும் அதன் தயாரிப்பாளர் குறியீடும் கொள்ளளவும் தொழிற்சாலையிலேயே பள்ளத்தின் நெளிவில் பதிந்திருக்கும். 97 என்று தொடங்கும் அந்தக் குறியீட்டை டிரைவ் படித்து, தனக்குள் வைத்திருக்கும் பட்டியலில் தேடி, இந்தச் சாயத்துக்கு இப்படி எழுத வேண்டும் என்று முடிவு செய்கிறது. உங்கள் டிரைவ் வெளிவந்த பிறகு சந்தைக்கு வந்த டிஸ்க் அந்தப் பட்டியலில் இருக்காது, பொதுவான முறையில் குத்துமதிப்பாக எழுதும். 52எக்ஸ் என்று அச்சிட்ட இன்றைய டிஸ்க்கில் 4எக்ஸ் டிரைவ் திணறுவது இதனால்தான், டிஸ்க்கிலும் குறையில்லை, டிரைவிலும் குறையில்லை.

இம்க்பர்னில் காலி டிஸ்க்கைப் போட்டதும் வலது பக்கம் அந்தக் குறியீடும், இந்த டிஸ்க்கில் இந்த டிரைவ் எழுதக்கூடிய வேகங்களும் தெரியும். அட்டைப்பெட்டியில் உள்ள பிராண்டு பெயரை நம்பாதீர்கள், இதை நம்புங்கள். பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே ஆலையின் டிஸ்க்காக இருக்கலாம், அப்படியானால் "வேறு பிராண்டு போட்டும் வரவில்லை" என்று சொல்வது சோதனையே ஆகாது. குறியீடு வேறாக இருக்கும் டிஸ்க்கைத் தேடுங்கள்.

இப்போது வேகம். குறைந்த வேகம்தான் எப்போதும் நல்லது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. பழைய டிஸ்க்கில் அது சரி. வேகமாக எழுதுவதற்கென்றே சாயம் மெல்லியதாகப் பூசிய புதிய டிஸ்க்கில் மிகக் குறைந்த வேகம் எதிர்விளைவு தரலாம். என் சிபாரிசு: டிரைவின் உச்ச வேகத்தில் பாதியில் தொடங்குங்கள், தோற்றால் ஒரு படி கீழே, அதுவும் தோற்றால் ஒரு படி மேலே. ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு டிஸ்க் போதும். மூன்று வேகத்திலும், குறியீடு வேறான இரண்டு வகை டிஸ்க்கிலும் தோற்றால், டிஸ்க் குற்றவாளி இல்லை என்று முடிவு கட்டலாம்.

டிஸ்க்கைத் துடைப்பதாக இருந்தால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். பதிவுத் தடம் வட்டமாகத்தான் ஓடுகிறது. வட்டமாக விழும் கீறல் ஒரே தடத்தில் நீளமாகச் சேதம் செய்யும், குறுக்காக விழும் கீறலை டிரைவின் பிழை திருத்தம் பெரும்பாலும் சமாளித்துவிடும். எழுதும் முன் ஒட்டுக் காகித லேபிள் ஒட்டாதீர்கள். சற்றே கோணலாக ஒட்டினாலும் சுழற்சியில் டிஸ்க் அதிரும்.

8. டிரைவே காணவில்லை, அல்லது மென்பொருளுக்கு மட்டும் தெரியவில்லை

பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில்) டிரைவின் பெயர் தெரியாவிட்டால் 6ஆம் பகுதி. பயாஸில் தெரிந்து, விண்டோஸில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு இருந்தால் பெரும்பாலும் முன்பு நிறுவி நீக்கிய ஏதோ ஒரு எழுதும் மென்பொருள் விட்டுச் சென்ற மிச்சம். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடத்தில்) கன்ட்ரோல், கிளாஸ் என்று போய் 4டி36இ965 என்று தொடங்கும் கிளையைத் திறந்தால், அதில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற பதிவுகள் இருக்கும். கிளையை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு அந்த இரண்டையும் நீக்கி, கம்ப்யூட்டரை மறுபடி தொடங்குங்கள்.

பக்கத்திலேயே 4டி36இ967 என்று தொடங்கும் ஒரு கிளை இருக்கும், அது ஹார்ட் டிஸ்க்குக்கு உரியது. அவசரத்தில் அதில் கைவைத்தால் விண்டோஸே எழாமல் போகலாம். கிளையின் உள்ளே சிடிராம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே நீக்குங்கள். நீக்கிய பிறகு பழைய எழுதும் மென்பொருள் ஏதாவது வேலை செய்யாவிட்டால் அதை மறுபடி நிறுவினால் போதும்.

ஒரே கம்ப்யூட்டரில் மூன்று நான்கு எழுதும் மென்பொருள்களைக் குவித்து வைக்காதீர்கள். அதிலும், சிடியை பென் டிரைவ் போலப் பயன்படுத்தவைக்கும் பாக்கெட் ரைட்டிங் மென்பொருள், காலி டிஸ்க்கைப் போட்டவுடன் டிரைவைத் தன் பிடியில் எடுத்துக்கொள்ளும். அடுத்த மென்பொருள் டிரைவ் பிஸி என்று புலம்பும்.

9. எழுதியாச்சு, ஆனால் வேறெங்கும் ஓடவில்லை

பெரும்பாலும் தேர்வுகளில்தான் கோளாறு. பிளேயரில் ஓட வேண்டும் என்றால் எம்பி3 ஃபைல்களை டேட்டா சிடியாக எழுதுவதும் ஆடியோ சிடியாக எழுதுவதும் வேறு வேறு. பழைய பிளேயர்களுக்கு ஆடியோ சிடி மட்டும்தான் புரியும். ஆடியோ சிடியில் கணக்கு எம்பியில் இல்லை, நிமிடத்தில். 100 எம்பி எம்பி3யில் 100 நிமிடப் பாட்டு இருக்கலாம், 80 நிமிட டிஸ்க்கில் அது அடங்காது.

டிஸ்க் முழுவதையும் நிற்காமல் ஒரே ஓட்டமாக எழுதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். டிராக்-அட்-ஒன்ஸில் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் லேசர் நின்று மறுபடி தொடங்கும், நடுவில் இரண்டு நொடி இடைவெளி விழும், சில பிளேயர்களில் அந்த இடத்தில் டிக் என்று சத்தமும் வரும்.

டிஸ்க்கை மூடாமல் விட்டால் எழுதிய டிரைவில் மட்டும் தெரியும், பிளேயரில் தெரியாது. அப்படிப் பாதியில் நிற்கும் டிஸ்க்கை உடனே எறியாதீர்கள். மென்பொருளில் செஷனை மட்டும் மூடும் கட்டளை இருக்கும், அதை ஓட்டிப் பாருங்கள், பல தடவை உயிர் வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல செஷனில் எழுதும் பழக்கம் இருந்தால் ஒரு கணக்கு தெரிந்துகொள்ளுங்கள்: முதல் செஷனை மூட சுமார் 22 எம்பி, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 எம்பி சும்மா போகும். அதனால்தான் டிஸ்க்கில் இடம் இருப்பதாகக் கணக்குப் போட்டது அடங்காமல் போகிறது.

சிடி-ஆர்டபிள்யூவில் எழுதிய பாட்டு பழைய பிளேயரில் ஓடாதது இயல்பு. அது பிரதிபலிக்கும் வெளிச்சம் சாதாரண சிடியைவிட மிகக் குறைவு, பழைய பிளேயரின் கண்ணுக்கு அது டிஸ்க்காகவே படாது. விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு வந்தவற்றில் டிஸ்க்கைப் போட்டதும் "பென் டிரைவ் போல" என்றும் "பிளேயருக்கு" என்றும் இரண்டு தேர்வு கேட்கும். எப்போதும் இரண்டாவது.

எழுதி முடித்ததும் வெரிஃபை செய்யுங்கள், முடிந்தால் வேறொரு டிரைவிலும் படித்துப் பாருங்கள். எழுதிய டிரைவ் தன் எழுத்தைத் தானே படித்துவிடுவது பெரிய சான்று இல்லை.

10. லென்ஸைச் சுத்தம் செய்வது

இங்கே வரும்போது கேபிள், டிஎம்ஏ, டிஸ்க், வேகம் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். தூசியை ஊதும் ரப்பர் குமிழ் இருந்தால் டிரேயைத் திறந்து முதலில் அதைப் பயன்படுத்துங்கள், வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். பிரஷ் வைத்த கிளீனிங் டிஸ்க் எனக்குப் பிடிக்காது, வேகமாகச் சுழலும் டிரைவில் அந்த முடிகள் லென்ஸை அடித்துக்கொண்டே போகும்.

திறக்கத்தான் வேண்டும் என்றால், மின்சாரம் இல்லாத நிலையில் முகப்பில் உள்ள ஊசித் துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நுழைத்து டிரேயை வெளியே இழுத்து, முகப்பைக் கழற்றி, அடியில் உள்ள நான்கு ஸ்க்ரூக்களை எடுங்கள். பட்டாணி அளவு லென்ஸ் ஒன்று தெரியும். அது மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அமுக்கினால் கம்பி வளையும், வளைந்தால் டிரைவ் முடிந்தது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால், இமையைத் தொடும் அழுத்தம்கூட இல்லாமல் ஒரு சுற்று, உலர்ந்த குச்சியால் இன்னொரு சுற்று. அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் வகையறா வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் லென்ஸ் மங்கிவிடும்.

மூடியைப் போடும் முன் மின்சாரம் கொடுத்து "சுழல்கிறதா பார்ப்போம்" என்று எட்டிப் பார்க்காதீர்கள். எழுதும் லேசர் அகச்சிவப்பு, கண்ணுக்கு ஏறத்தாழத் தெரியாது, அதனால் கண் சிமிட்டித் தப்பிக்கவும் முடியாது. உள்ளே சின்ன ஸ்க்ரூ மாதிரி ஒரு பொட்டென்ஷியோமீட்டர் இருந்தால் அதையும் திருகாதீர்கள். லேசர் சக்தியைக் கூட்டிவிட்டால் எழுதும் என்று சொல்வார்கள். கொஞ்ச நாள் எழுதும், பிறகு மொத்தமாகப் போகும்.

டிரே வெளியே வராமல் முனகினால் அது வேறு சங்கதி, உள்ளே உள்ள ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். பெல்ட்டை மாற்றினால் சரியாகும்.

11. ஃபர்ம்வேர்

புதிய ஃபர்ம்வேர் தரும் முக்கியமான பலன், 7ஆம் பகுதியில் சொன்ன டிஸ்க் பட்டியல் நீள்வது. ஆகவே குறிப்பிட்ட வகை டிஸ்க்கில் மட்டும் தோற்கும் டிரைவுக்குத்தான் இது மருந்து. எல்லா டிஸ்க்கிலும் தோற்கும் டிரைவுக்கு ஃபர்ம்வேர் எதுவும் செய்யாது.

முகப்பில் உள்ள பெயரைப் பார்த்துத் தேடாதீர்கள். ஒரு நிறுவனத்தின் பெயரில் விற்கப்பட்டதை உள்ளே வேறொரு நிறுவனம் செய்திருக்கும். எழுதும் மென்பொருள் காட்டும் மாடல் எண்ணும் தற்போதைய ஃபர்ம்வேர் எண்ணும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஏற்றும்போது டிரேயில் டிஸ்க் இருக்கக் கூடாது, வேறு மென்பொருள் எதுவும் ஓடக் கூடாது, மின்வெட்டு வர வாய்ப்புள்ள நேரமாக இருந்தால் யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். பாதியில் நின்றால் பெரும்பாலும் டிரைவ் திரும்பி வராது.

12. போதும் என்று நிறுத்த வேண்டிய இடம்

அச்சிட்ட சிடியை நன்றாகப் படிக்கிறது, ஒத்திகை தேறுகிறது, குறியீடு வேறான டிஸ்க்குகளில் மூன்று வேகத்திலும் காலிபரேஷன் பிழை, லென்ஸ் துடைத்தும் அதே 73, 03. இந்த நிலை வந்துவிட்டால் லேசர் தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தேவையான சக்தி அதில் இன்னும் இருக்கும், எழுதத் தேவையானது இருக்காது. லேசர் தலையை மட்டும் மாற்றுவது காரியத்துக்கு ஆகாது, புதிய தலையை அந்த டிரைவுக்கு ஏற்ப அளவு பொருத்த வேண்டும், அதற்குரிய கருவிகள் ஆலையில்தான் இருக்கும்.

ஆனால் டிரைவை உடனே கழற்றிப் போடாதீர்கள். கடைசிக் காலத்தில் அது எழுதிய டிஸ்க்குகளை முதலில் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். தலை கொஞ்சம் விலகிய டிரைவ் எழுதிய டிஸ்க்கைச் சில சமயம் அந்த டிரைவ் மட்டும்தான் படிக்கும். அப்படி ஏதாவது இருந்தால் அவற்றை எல்லாம் பழைய டிரைவிலேயே படித்து ஹார்ட் டிஸ்க்குக்கு இறக்கிவிட்டு, ஃபைல்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு கேபிளைக் கழற்றுங்கள்.